எங்க தோட்டத்துக் கல்லின் ஜாதகம்

இரண்டாவது போர் 840 அடி போனது. 58 அடி வரைக்கும் மண்ணும் மக்கிய பாறையும். 165 அடியில் லேசாக ஈரம். அதற்குக் கீழே வெறும் புகைதான். விடிகாலை நாலு மணிக்கு ரிக் வண்டிக்காரர் கம்ப்ரசரை நிறுத்தினார். முகத்தில் அப்பியிருந்த வெள்ளைத் தூசியைத் துண்டால் துடைத்துக்கொண்டே, “கல்லு ரொம்பப் பழசுங்க சார், இதுல தண்ணி நிக்காது” என்றார்.

பணத்தை எண்ணிக் கொடுத்தேன். முதல் போர் 610 அடி, அதுவும் புகை. இரண்டையும் சேர்த்தால் ஓய்வு பெற்றபோது கைக்கு வந்த பணத்தில் கண்ணுக்குத் தெரிகிற அளவு ஓட்டை. மச்சான் மூன்றாவது பாயிண்ட் பார்க்க ஆள் கூட்டி வருவதாகச் சொன்னார், உள்ளங்கையில் தேங்காய் வைத்துப் பார்ப்பவர். நானும் சரி என்றுதான் தலையாட்டினேன். வீட்டம்மா கேட்ட கேள்விதான் என்னை நிறுத்தியது: “ஏனுங்க, கீழ என்ன இருக்குதுன்னே தெரியாம குழிக்குள்ள ரூபாயப் போடறீங்களே. பேங்குல உங்ககிட்ட எவனாச்சும் இப்படி வந்து லோன் கேட்டா குடுத்திருப்பீங்களா?”

கொடுத்திருக்கிறேன் என்பதுதான் உண்மை. 31 வருஷ வேலையில் 9 வருஷம் கிராமக் கிளைகளில் இருந்தேன். கிணறு ஆழப்படுத்த, போர் போட, மோட்டார் வாங்க என்று எத்தனையோ மனுக்களில் கையெழுத்துப் போட்டவன். சிட்டா, அடங்கல், வில்லங்கம், ஜாமீன் எல்லாவற்றையும் வரி வரியாகப் பார்ப்பேன். நிலத்தடி நீர் பற்றி ஒரு தாள் இருக்கும். அதில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதோடு சரி. அந்தத் தாள் பேசுகிற கல்லைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, மனுப் போட்டவருக்கும் தெரியாது. கல்லுக்குத்தான் கடன் கொடுத்திருக்கிறோம், அதன் ஜாதகத்தைப் பார்க்காமலே.

ரிக் வண்டி ஓடும்போது பத்தடிக்கு ஒரு முறை வெளியே வரும் பொடியைச் சின்னச் சின்னக் குவியலாக வரிசையாய் வைப்பார்கள். அந்தக் குவியல்களில் ஒவ்வொரு பிடி எடுத்துப் பொட்டலம் கட்டி, மேலே அடிக்கணக்கை எழுதி வைத்திருந்தேன். பேங்க் பழக்கம், எதற்கும் வவுச்சர் வேண்டும். அந்தப் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு, எங்கள் மாதக் கூட்டத்துக்கு வருகிற ஒரு அண்ணனிடம் போனேன். கல்லூரியில் நிலவியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். பொட்டலங்களைத் திண்ணையில் பிரித்து வைத்து, லென்சை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: “உங்க காட்டுக் கல்லு எங்க பொறந்துச்சுன்னு தெரியுங்களா?”

காங்கேயத்துக்கும் வெள்ளகோவிலுக்கும் நடுவே என்றேன். சிரித்தார். “இல்லீங்க. 25 கிலோமீட்டர் ஆழத்துல.”

அன்று தொடங்கிய பாடம் இது. பேத்தியின் சமூக அறிவியல் புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். பள்ளிக்கூடத்தில் நானும் படித்துப் பரீட்சை எழுதி மறந்தவன்தான். காலடியில் பணம் போன பிறகு படித்தால் வேறு மாதிரி ஏறுகிறது. விவசாயிக்குப் பயன்படும் அளவுக்கு எனக்குப் புரிந்ததைச் சொல்கிறேன்.

பூமியின் மேல்தோடு ஒரே ஓடாக இல்லை. ஏழு பெரிய துண்டுகளும் பல சின்னத் துண்டுகளுமாகப் பிளந்து கிடக்கிறது. அவற்றைத்தான் புவித்தட்டு என்கிறார்கள். அடியில் இருப்பது கொதிக்கிற குழம்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தவறாம். அடியில் இருப்பதும் கல்தான், ஆனால் சூட்டினால் மெதுவாக நகரக்கூடிய கல். ரோடு போடுகிற தார் தொட்டால் கெட்டியாக இருக்கும். டின்னைச் சாய்த்து வைத்துவிட்டுக் கோடை முடிந்து போய்ப் பார்த்தால் வழிந்திருக்கும். அது போல, ஆனால் கோடை ஒன்றல்ல, லட்சக்கணக்கில். பூமி பிறந்தபோது உள்ளே தங்கிய சூடும், பாறைக்குள் இருக்கும் யுரேனியம், தோரியம் போன்றவை சிதையும்போது வரும் சூடும் அந்த நகர்வுக்குக் காரணம். ஓரிடத்தில் கடலடி பிளந்து புதுக்கல் பிறக்கிறது. வேறிடத்தில் பழைய கடலடி கனம் தாங்காமல் சரிந்து உள்ளே போகிறது. போகும்போது தன் தட்டையும் சேர்த்து இழுக்கிறது. வேகம் நம் விரல் நகம் வளர்கிற வேகம்தான், வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர்.

இதை முதலில் ஒழுங்காகச் சொன்னவர் நிலவியல்காரரே இல்லை என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானியர், வானிலை ஆராய்ச்சியாளர். 1912இல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். ஆப்பிரிக்காவின் மேற்கு ஓரமும் தென்னமெரிக்காவின் கிழக்கு ஓரமும் பொருந்துவதை எல்லோரும் படத்தில் பார்த்ததுதான். அவர் அதோடு நிற்காமல் இரண்டு கரையிலும் இருக்கிற கல்லையும் புதைபடிவங்களையும் ஒப்பிட்டார். “எது தள்ளுகிறது?” என்று கேட்டார்கள். சரியான பதில் அவரிடம் இல்லை. 1930இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது அவர் கருத்தைப் பெரும்பாலோர் ஏற்கவில்லை. கடலடியைப் படம் வரைந்து, அட்லாண்டிக் நடுவில் ஒரு மலைத்தொடரும் அதன் நெஞ்சில் ஒரு பிளவும் ஓடுவதைப் பார்த்த பிறகு, 1960களில்தான் உலகம் ஒப்புக்கொண்டது. வெளியாள் சொன்னால் துறைக்காரர்கள் கேட்க ஐம்பது வருஷம் ஆகிறது. இயற்கை விவசாயம் பேசுகிற நமக்கு இது புதுசா என்ன?

அதே 1912இல் இன்னொன்றும் நடந்தது. தென்துருவம் போய்த் திரும்பிய ஸ்காட்டும் கூட்டாளிகளும் வழியில் பசியாலும் குளிராலும் செத்துப்போனார்கள். கூடாரத்தைக் கண்டுபிடித்தபோது, உயிர் போகிற நிலையிலும் அவர்கள் கீழே போடாமல் இழுத்து வந்த சுமார் 16 கிலோ கல் அங்கே இருந்தது. அந்தக் கற்களில் குளோசாப்டெரிஸ் என்கிற மரத்தின் இலைத்தடம். அதே இலை நம் நாட்டு நிலக்கரிப் படுகைகளில் உண்டு. ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்காவிலும் உண்டு. ஐந்தும் ஒரே நிலமாக இருந்தபோது வளர்ந்த காடு அது. அந்தப் பெருநிலத்துக்கு வைத்த பெயர் கோண்டுவானா. மத்திய இந்தியாவில் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரிலிருந்து எடுத்தது.

சரி, எங்கள் கல்லுக்கு வருவோம்.

நீலகிரி, சேலம், நாமக்கல் பக்கத்துப் பாறைகளில் சுமார் 250 கோடி வருஷப் பழமை உள்ளவை இருக்கின்றன. பூமிக்கே வயது 454 கோடிதான். கொடைக்கானல், மதுரைப் பக்கத்துக் கற்கள் சுமார் 55 கோடி வருஷத்துக்கு முன்னால், கோண்டுவானா ஒன்று கூடுகிற காலத்தில், மறுபடி வெந்து உருமாறியவை. இரண்டுக்கும் நடுவே பாலக்காட்டிலிருந்து காவிரிப் பக்கமாக ஓடும் ஒரு நசுங்கல் வரிசை இருக்கிறது. இரண்டு நிலத்துண்டுகள் மோதி உரசிய தழும்பு. எங்கள் ஊர் அந்தத் தழும்பின் மேல் இருக்கிறது. அதனால்தான் எங்கள் பக்கத்துக் கல் கோடு கோடாக, பிழிந்த வேட்டி மடிப்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. சின்ன வயசில் அந்தக் கோடுகளைப் பார்த்து மழைத்தண்ணி ஓடிய தடம் என்று நினைத்திருக்கிறேன்.

கருங்கல் வகைகளில் ஒன்றுக்கு சார்னோகைட் என்று பெயர். பெயர்க்கதை வேடிக்கையானது. கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாப் சார்னாக் என்பவர் கல்லறை இருக்கிறது. அதன் மேல் பதித்த பலகை நம் பல்லாவரம் பக்கத்திலிருந்து போன கல். தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் 1890களில் அதை ஆராய்ந்து, அந்தக் கல் வகைக்கே சார்னாக் பெயரை வைத்துவிட்டார். நம்ம ஊர்க் கல்லுக்கு நம்ம ஊர்ப் பெயர் இல்லை. உலகத்தில் எங்கே அந்த வகைக் கல் கிடைத்தாலும் இன்று அதே பெயர்தான்.

இந்த வகைக் கல் மேற்பரப்பில் உருவாகாது. இருபது, முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், அந்தச் சூட்டிலும் அழுத்தத்திலும்தான் உண்டாகும். அப்படியானால் இன்று அது எங்கள் மம்பட்டியில் எப்படி முட்டுகிறது? மேலே இருந்த அத்தனை கிலோமீட்டர் கல்லும் கரைந்து, உடைந்து, மழையில் ஆற்றில் கடலுக்குப் போயாயிற்று. எவரெஸ்டைப் போல மூன்று மலையை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் 26 கிலோமீட்டர். அவ்வளவும் அரித்துப்போன பிறகு வெளியே தெரிகிற அடிக்கட்டை மேல்தான் நாம் ஏர் ஓட்டுகிறோம். இதைக் கேட்ட அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கோண்டுவானா உடைந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 13 கோடி வருஷத்துக்கு முன்னால் நம் கிழக்குக் கரையிலிருந்து அண்டார்டிகா பிரிந்தது. பிளந்த ஓரம் தாழ்ந்து, கடல் உள்ளே வந்தது. அரியலூர், பெரம்பலூர் அன்று கடலடி. அங்கே காட்டு மண்ணில் சங்குச் சுருள் மாதிரிக் கல் கிடைக்கும், அம்மோனைட் என்கிற கடல் பிராணியின் ஓடு. அந்தக் கடலில் படிந்த சுண்ணாம்புதான் இன்று சிமெண்ட் ஆகிறது. நம் வீட்டுக் கூரையே பழைய கடலடிதான். சுமார் 9 கோடி வருஷத்துக்கு முன் மேற்குப் பக்கம் மடகாஸ்கர் பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தைப் போல மோதி மடிந்த மலை அல்ல. அப்படிப் பிரிந்தபோது உயர்ந்து நின்ற ஓரம். அதில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல். ஆடி மாசம் எங்கள் பக்கம் தென்னை மட்டையைப் பிய்த்து எறிகிற காற்று அந்த வாசல் வழியாக வருவதுதான். மழையை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட்டுக் காற்று மட்டும் இங்கே வருகிறது.

அப்புறம் இந்தியா தனித்தீவாக வடக்கே போனது. வருஷத்துக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் போன காலமும் உண்டு. ஒரு தட்டுக்கு அது ஓட்டம். சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன் ஆசியாவில் முட்டியது. நடுவில் இருந்த கடலின் அடித்தரை மடிந்து மேலே எழும்பி இமயமலையானது. எவரெஸ்ட் உச்சியில் இருப்பதும் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்தான். அந்த மலையும் திபெத் மேடும் எழும்பியிராவிட்டால் பருவமழை இன்றைய மாதிரி இருந்திருக்காது. தட்டு இன்னும் நிற்கவில்லை, வருஷத்துக்கு ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் நம் தட்டு அடுத்த தட்டுக்கு அடியில் நழுவியது. 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளமான பிளவு நகர்ந்தது. நாகப்பட்டினத்தில் வயலுக்குள் கடல் வந்தது. உப்பேறிய அந்த நிலங்களை மீட்க நம்மாழ்வார் அய்யா தக்கைப்பூண்டு விதைக்கச் சொல்லி ஊர் ஊராக அலைந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தவர்கள். தட்டு நகர்வது பாடப்புத்தகத்தோடு போகிற சமாச்சாரம் இல்லை.

இனி மண். கருங்கல்லில் முக்கியமாக மூன்று சாமான்கள். வெள்ளையாகக் கண்ணாடி மாதிரி இருப்பது குவார்ட்ஸ், நாம் வெங்கச்சாங்கல் என்போம். பால் நிறத்திலோ இளஞ்சிவப்பாகவோ பளபளப்பது ஃபெல்ட்ஸ்பார். செதில் செதிலாக மின்னுவது காக்காப்பொன். மழைத்தண்ணீரில் காற்றின் கரியமிலவாயு கரைந்து லேசான புளிப்பாகிறது. அந்தப் புளிப்பு ஃபெல்ட்ஸ்பாரைத் தின்று களிமண்ணாக்கும். குவார்ட்ஸ் அசையாது, அது மணலாக மிச்சம் நிற்கும். இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு நிறம் கொடுக்கும். செம்மண் என்பது துருப்பிடித்த மலை.

ஒரு தவறான பேச்சைத் திருத்த வேண்டும். கரிசல் மண் என்றால் எரிமலைக் குழம்பு ஆறியது என்று நம் பயிற்சிகளிலேயே சொல்கிறார்கள். மகாராஷ்டிரத்துக் கரிசலுக்கு அது சரி. சுமார் 6.6 கோடி வருஷத்துக்கு முன் அங்கே பொங்கிய தக்காண எரிமலைப் பாறை அது. தமிழ்நாட்டில் அந்தப் பாறை கிடையாது. எங்கள் கொங்குப் பக்கத்தில் மேட்டில் செம்மண்ணும் பள்ளத்தில் கரிசலுமாக இருப்பது பல இடங்களில் ஒரே கல்லின் பிள்ளைகள்தான். மேட்டில் தண்ணீர் வடிந்து போகிறது, சுண்ணாம்புச் சத்தும் மக்னீசியமும் கூடவே போய்விடுகின்றன. பள்ளத்தில் தண்ணீர் தங்கி அவை சேர்கின்றன, ஈரத்தில் உப்பிக் காய்ந்தால் வெடிக்கிற களி உண்டாகிறது. சேர்ந்த சுண்ணாம்புதான் அடியில் உருண்டை உருண்டையாகச் சுக்கான்கல்லாகக் கிடக்கிறது. எங்கள் நிலத்தில் மேட்டாங்காடு சிவப்பு, கீழ்க்காடு கருப்பு. அப்பா இரண்டையும் வேறு வேறு ஜாதி மண் என்பார். ஒரே தாய் என்று தெரிந்திருந்தால் அவருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும்.

பொட்டாஷ் கணக்கு ஒன்று. ஒரு ஏக்கரில் மேல் அரையடி மண் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ. அதில் நூற்றில் ஒரு பங்கு பொட்டாசியம் என்று வைத்தாலும் 9,000 கிலோ. என் மண் பரிசோதனை அட்டையில் இருப்பது ஏக்கருக்கு 130 கிலோ. அட்டை பொய் சொல்லவில்லை, கையில் இருக்கும் ரொக்கத்தை மட்டும் சொல்கிறது. மிச்சம் ஃபெல்ட்ஸ்பாரிலும் காக்காப்பொன்னிலும் வைப்புநிதியாகப் பூட்டிக் கிடக்கிறது. சாவி வேர் கசிகிற புளிப்பிலும், வேர்ப்பூஞ்சையிடமும், பாக்டீரியாவிடமும் இருக்கிறது. பிரியாணிக்குப் போடுகிற கல்பாசியும் இதே வேலைக்காரன்தான். பாசியும் பூஞ்சையும் கூட்டுக் குடித்தனம் நடத்தி வெறுங்கல்லில் ஒட்டிக்கொண்டு கல்லைக் கரைக்கிறது. மட்கு இல்லாத மண்ணில் இந்த வேலைக்காரர்களுக்குச் சோறு கிடையாது, பெட்டி திறக்காது. தழைச்சத்து மட்டும் பெரும்பாலும் கல்லில் இல்லை. அது காற்றிலிருந்து வரவேண்டும், அதற்குத்தான் பயறு வகை.

இதைக் கேட்டுவிட்டு ஆர்வக்கோளாறில் ஒரு காரியம் செய்தேன். கிரஷரிலிருந்து இரண்டு லோடு கல்பொடி வாங்கி அரை ஏக்கரில் இறைத்தேன். மூன்று வருஷம் ஆகிறது, பக்கத்து அரை ஏக்கருக்கும் அதற்கும் என் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வேண்டுமானால் நீங்கள் செய்து பாருங்கள். நான் அந்தக் காசுக்கு எரு வாங்கியிருப்பேன்.

முக்கியமான விஷயம் தண்ணீர். தமிழ்நாட்டின் முக்கால் பங்கு நிலத்துக்கு அடியில் இப்படிப்பட்ட கெட்டிப் பாறைதான். ஆழத்தில் அழுத்தத்தில் வெந்த கல்லுக்குள் துளையே கிடையாது, ஒரு சொட்டுக்கும் இடமில்லை. ரிக்காரர் சொன்னதில் பாதி சரி. தண்ணீர் நிற்பது இரண்டே இடத்தில். ஒன்று, மேலே மக்கிய பாறை. மம்பட்டி போட்டால் உதிர்கிற அந்த 40, 50 அடி தான் பஞ்சு. இரண்டு, பாறையின் வெடிப்புகள். மேலே இருந்த கிலோமீட்டர் கணக்கான சுமை நீங்க நீங்க, கீழே இருந்த கல் மூச்சு விட்டு விரிகிறது. அப்போது வெங்காயச் சருகு மாதிரி படுக்கை வாட்டத்தில் பிளக்கிறது. கல் உடைக்கிறவர்கள் அந்த வாட்டம் பார்த்துத்தான் ஆப்பு அடிப்பார்கள். தட்டுகள் இழுத்ததிலும் மோதியதிலும் நிமிர்ந்த வாட்டத்தில் வேறு வெடிப்புகள். மாயாற்றுப் பள்ளத்தாக்கு நூல் பிடித்த மாதிரி நேராகப் போவது அப்படி ஒரு பழைய உரசல் கோட்டின் மேல் ஓடுவதால்தான். இந்த வெடிப்புகள் ஆழம் போகப் போக மேலிருக்கும் பாரத்தில் மூடிக்கொள்கின்றன. 300 அடிக்குக் கீழே வெடிப்பு சிக்குவது குறைந்துகொண்டே வரும். சிக்கினாலும் அதில் இருப்பது எத்தனையோ காலமாகச் சேர்ந்த தண்ணீர். எடுத்தால் திரும்பச் சேர நம் ஆயுள் போதாது. பஞ்சைக் காயவிட்டுவிட்டு வெடிப்பை உறிஞ்சினால் வெடிப்புக்கு எங்கிருந்து வரும்?

அண்ணன் ஒரு தாளை எடுத்து என்னையே கணக்குப் போடச் சொன்னார். எங்கள் 7 ஏக்கர். மழை வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் என்று வைத்தால் ஏக்கருக்கு 24 லட்சம் லிட்டர், மொத்தம் 1 கோடியே 70 லட்சம். பாறை நிலத்தில் இறங்குவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, 17 லட்சம் லிட்டர். இது வரவு. செலவில் 150 தென்னை, மரத்துக்கு நாளைக்கு 60 லிட்டர், 240 நாள், 21 லட்சத்து 60 ஆயிரம். இதற்கு மேல் ஒரு ஏக்கர் வாழை. நான் எத்தனை பேருடைய வரவு செலவைப் பார்த்து “உங்களுக்குத் தாங்காதுங்க” என்று சொன்னவன்! என் நிலம் வருஷா வருஷம் ஓவர்டிராஃப்டில் ஓடியதைப் பார்க்கத் தெரியவில்லை. மூன்றாவது போர் போட்டால் வரவு கூடாது, காசோலைப் புத்தகம் மட்டும் ஒன்று கூடும்.

அப்போது ஒருவர் ஞாபகம் வந்தது. நான் அதிகாரியாக இருந்த கிளையில் மூன்று முறை கடன் வாங்கி மூன்று போர் போட்டவர். மூன்றாவதும் புகை. வசூலுக்கு நானே போனேன். நடை வாசலில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். “சார், தண்ணி இருக்கும்னு பேங்கே நம்பித்தான குடுத்துச்சு?” என்றார். அதட்டலாகவே பதில் சொல்லிவிட்டு வந்தேன். பிறகு நிலத்தை விற்றுக் கணக்கை முடித்தார். கோப்பில் அது நல்ல வசூல்.

மூன்றாவது போரை நிறுத்தினேன். தோட்டத்து மூலையில் தாத்தா காலத்துக் கிணறு, 52 அடி, போர் வந்த பிறகு குப்பைக்குழி ஆகியிருந்தது. அதைத் தூர்வார ஆள் தேடினேன். கிணறு வெட்டியே வாழ்ந்த ஒரு பெரியவர், எழுபது தாண்டியவர், மகன்களோடு வந்தார். 38 அடியில் வடமேற்குச் சுவரில் ஒரு கை அகலத்துக்கு வெங்கச்சாங்கல் வரி சாய்ந்து போனது. அதைக் கையால் தடவிவிட்டு, “சாமி, ஊத்து இதுலதான் இருக்குது, இத வுட்றாதீங்க” என்றார். அண்ணனிடம் சொன்னேன். குவார்ட்ஸ் வரி எளிதில் நொறுங்கி வெடிப்பு விடும், தண்ணீர் அதன் வழியே நகரும், பெரியவர் சொன்னதுதான் சரி என்றார். ஒருவர் சுவரைத் தடவியும் மற்றவர் லென்ஸ் வைத்தும் அதே இடத்துக்கு வந்தார்கள். அந்த வரியைப் பிடித்து 60 அடிக்குப் பக்கவாட்டுப் போர் போட்டோம். ரிக்குக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

வாழையை எடுத்துவிட்டேன். தென்னைக்கு மட்டையும் மஞ்சியும் வட்டப் பாத்தியில் போட்டு மூடி, சொட்டுநீரை 40 லிட்டராகக் குறைத்தேன். 14 லட்சத்து 40 ஆயிரம். காய் கொஞ்சம் குறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். மேட்டாங்காட்டில் சரிவுக்குக் குறுக்கே வரப்பு உயர்த்தி, மழைக்குக் கம்பும் தட்டைப்பயறும் விதைத்து, கீழ்க்காட்டு ஓரத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினேன். குட்டை வெட்டியதில் ஒரு தப்பு: கரிசலில் வெட்டிவிட்டேன். களி நனைந்து உப்பினால் தண்ணீர் இறங்காது, மாடு குடிக்கத்தான் ஆகிறது. பாறை மக்கிய செம்மண் மேட்டில் வெட்டியிருந்தால் கிணற்றுக்கு இறங்கியிருக்கும். இரண்டாவது குட்டை அங்கேதான் வெட்டினேன். படிக்கிற நீங்கள் முதலிலேயே அங்கே வெட்டுங்கள்.

மச்சான் நிறுத்தவில்லை. என் நிலத்துக்கு 200 அடி தள்ளி, அவர் தோட்டத்தில், தேங்காய் நிமிர்ந்து நின்ற இடத்தில் போர் போட்டார். 620 அடியில் இரண்டு இஞ்ச் தண்ணீர் பீறிட்டது. கடாய் வெட்டிச் சோறு போட்டார். நானும் போய்ச் சாப்பிட்டேன். “என்னுங்க மாப்ள, கல்லு பழசுன்னீங்க?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். சிரித்துக்கொண்டேன், வேறென்ன செய்வது. அது நடந்து இரண்டு வருஷம். போன பங்குனியில் அவருடைய போர் ஒரு மணி நேரம் ஓடினால் மூச்சு வாங்க ஆரம்பித்தது. 900 அடி வரை இறக்கலாமா என்று கேட்க வந்தார். நான் என் பொட்டலங்களை எடுத்துத் திண்ணையில் பிரித்து வைத்தேன். அவர் 165 அடிப் பொட்டலத்தைத்தான் வெகு நேரம் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். முடிவு ஒன்றும் சொல்லாமல், அந்தப் பெரியவர் செல் நம்பர் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார்.

எங்கள் கிணற்றில் வெள்ளிக்கிழமைதோறும் கயிறு விட்டு அளந்து, மோட்டார் ரூம் சுவரில் கரியால் எழுதுகிறேன். போன சித்திரைக் கடைசியில் 4 அடி. இந்த ஐப்பசியில் நல்ல மழை இரண்டு கிடைத்தது. நேற்று 19 அடி.